கமராவுக்கு முன்னால் நான் கட்டிய தாலி

உரும்பிராய் கிழக்கு,
12.03.2025.

பெருமதிப்பிற்குரிய சிவகரன் அத்தான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை குணலட்சுமியின் கணவன் பஞ்சலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் குணலட்சுமியும், மகள் தனுசியா குடும்பமும், கறவை மாடுகள் இரண்டும் பிள்ளையார் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கே கனடாவில் நீங்களும் வீட்டில் அக்காவும் பனியில் வழுக்கி விழாமல், முழங்கால் நோவு கூடாமல், பேரப்பிள்ளைகளோடு நிறைவாக இருக்கவேண்டுமென்று அதே பிள்ளையாரைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் அனுப்பிய கம்பளிச் சட்டை கிடைத்தது. உரும்பிராயில் அதைப் போடுகிற அளவுக்குக் குளிர் வந்ததும் போட்டுப் படம் அனுப்புவேன்.

நிற்க. போன மாதம் தாங்கள் நாலு தரம் தொலைபேசி எடுத்தீர்கள். நாலு தரமும் "கவரேச் இல்லை அத்தான்" என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். கவரேச் இருந்தது. மன்னிக்கவேண்டும். "அண்ணை, இவருக்கு மண்டைக்குள்ளை ஏதோ தட்டிப்போட்டுது" என்று குணலட்சுமி தங்களிடம் அழுததாகவும் அறிந்தேன். அவளில் பிழையில்லை. ஒரு மாதமாக நான் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் இப்போது எல்லாம் சரி. அப்பாடா! நாற்பத்தேழு வருடமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இறங்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனென்றால் உங்கள் தங்கை ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் லண்டனிலிருந்து சுவிஸ் வரை குடும்பம் முழுக்கக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு கும்பிடு போடும். கடிதத்தில்தான் ஒருவரும் குறுக்கே விழுந்து "பொறுங்கோ, அது அப்பிடியில்லை" என்று சொல்லமாட்டார்கள்.

தாங்கள் என் மனைவியின் தமையன். ஆகையால் இந்த விஷயத்தைத் தங்களிடம் சொல்ல நான் 1986ஆம் ஆண்டிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

1978ஆம் ஆண்டு எங்கள் பக்கத்தில் "பூட்டாத படலை" என்றொரு படம் எடுத்தார்கள். தாங்கள் அப்போது கொழும்பில் உத்தியோகம், அதனால் தெரிந்திருக்காது. இந்தியப் படங்களே கதியென்று கிடந்த சனத்துக்கு, எங்கள் வேலியையும் எங்கள் கிணற்றையும் எங்கள் பேச்சையும் திரையில் காட்டப் போகிறார்கள் என்றதும் தலைகால் தெரியவில்லை. கதாநாயகன் போட்ட நீட்டுக் கொலர் சேட்டை அந்தத் தீபாவளிக்கு உரும்பிராயில் பாதி இளந்தாரிகள் தைத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். கதாநாயகி வேலிவாசல் கதவான படலையில் சாய்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்து ஊர்ப் பெட்டையளும் அப்படிச் சாய, அந்த வருடம் மட்டும் எங்கள் ஒழுங்கையில் மூன்று படலை பிணைச்சல் கழன்று விழுந்தது. படம் பதினொரு நாள் ஓடியது. பிறகு படப்பெட்டி எங்கேயோ காணாமல் போய்விட்டது. அது தொலைந்த செய்தி வந்த அன்று நான் பிள்ளையாருக்கு இருபத்தொரு தேங்காய் உடைத்தேன். படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

ஏன் பயம் என்றால், அதில் வருகிற கலியாணக் காட்சி எங்கள் பிள்ளையார் கோயிலில் எடுத்தது. டைரக்டர் எல்லாம் உண்மையாக இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற மனுசன். உண்மையான கோயில், உண்மையான ஐயர், உண்மையான ஓமம். தாலியில் மட்டும் அவருக்கு உண்மை வேண்டாம். எங்கள் ஆட்கள் பொன்னில் தாலிக்கொடி செய்து சுரையால் திருகிப் பூட்டுவதுதான் வழக்கமென்று ஊரே சொல்லியும், "படத்திலை மஞ்சள் கயிறுதான் எடுபடும்" என்று ஒரு கயிற்றை மஞ்சளில் தோய்த்து வைத்திருந்தார். இந்தியப் படம் பார்த்துப் பழகிய ஆள்தானே. அதற்கு முதல் நாள் காங்கேசன்துறைக் கடற்கரையில் சைக்கிளில் இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பாடினபடியால் கதாநாயகன் விழுந்து, வலக்கை முழுக்கக் கட்டுப்போட்டு வந்து நிற்கிறார். கதாநாயகியோ, "கலியாணமாகாத பிள்ளை நான், அக்கினிக்கு முன்னாலை கழுத்தை நீட்டமாட்டன்" என்று காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிவிட்டாள். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டு, "சரி, முகம் வேண்டாம். ஒரு கையும் ஒரு கழுத்தும் போதும்" என்றார்.

நான் பந்தலுக்கு வாழைக்குலை கொண்டுபோனவன், அத்தான். இருபத்துநாலு வயது. குலையை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றவனை டைரக்டர் பிடித்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தம்பி, உம்மடை கை நல்ல கை" என்றார். என் கையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தரம், அதுதான் கடைசியும். பொம்பிளை இடத்துக்கு, வேடிக்கை பார்க்க வந்த ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து, தலையிலும் முகத்திலும் பூவைத் தொங்கவிட்டு இருத்தினார்கள். எனக்கு உத்தரவு: "கமராவைப் பாராதை, பொம்பிளையையும் பாராதை, கயித்தைப் பார்." நான் கயிற்றைத்தான் பார்த்தேன்.

ஐயர் சங்கற்பம் தொடங்கினார். "பேர் நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். கதாநாயகனுக்குப் படத்திலுள்ள பெயரைத்தான் சொல்லவேண்டுமென்று டைரக்டர் பத்துத் தரம் பாடமாக்கி விட்டிருந்தார். ரமணன், ரோகிணி. ஆனால் அத்தான், நீங்களே சொல்லுங்கோ, கோயிலுக்குள் நிற்கும்போது ஐயர் பேர் நட்சத்திரம் கேட்டால் எங்கடை வாயில் வேறு என்ன வரும்? வெள்ளிக்கு வெள்ளி அர்ச்சனைத் தட்டோடு நின்று பழகின வாய். "பஞ்சலிங்கம், பூரட்டாதி" என்று கணீரென்று சொல்லிப்போட்டன். நாக்கைக் கடிக்கிறதுக்குள்ளை பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குரல், "உதயகலா, ரேவதி" எண்டுது. அந்தப் பிள்ளையும் அதே பிழை! ஐயர் இரண்டு பேரையும் நட்சத்திரத்தையும் சேர்த்து நீட்டி முழக்கிச் சொன்னார். மேளம் அடித்தது. மூன்று முடிச்சுப் போடு என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு, புகையிலைச் சிப்பம் கட்டுகிற முடிச்சு. அதைப் போட்டேன். டைரக்டர் கத்தி நிறுத்தியதும் கயிற்றைக் கழற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பாதி வழியில்தான் உறைத்தது. பேர் என்னுடையது. நட்சத்திரம் என்னுடையது. ஐயர் மெய், நெருப்பு மெய், பிள்ளையார் நேரே பார்த்துக்கொண்டிருந்தவர். அப்ப நான் கலியாணம் முடிச்சிட்டன்! ஆரை முடிச்சன் எண்டும் தெரியாது. முகமே பார்க்கேல்லை. ஐயரிடம் கேட்டால் "ஓம், நீ புருசன்தான்" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அவர் மோசம்போய்க் கண்ணை மூடும் மட்டும், என் கலியாணத்தன்று தவிர, அவரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போனேன். 86இல் தங்கள் வீட்டில் சம்பந்தம் பேச வந்தபோது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றுதான் வந்தேன், சத்தியமாக. தாங்கள் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றீர்கள். தங்கள் மீசையைப் பார்த்தேன். தேத்தண்ணியோடு சேர்த்து உண்மையையும் விழுங்கிவிட்டேன்.

அதுக்குப் பிறகு முப்பத்தொன்பது வருடம், அத்தான், உங்கள் தங்கை எனக்குச் சோறு போடும்போதெல்லாம் ஒரு குறுகுறுப்பு. நல்ல மனுசி. அவளை நான் ஏமாத்திப்போட்டனோ, இரண்டாந்தாரமாய்க் கூட்டிவந்து வைச்சிருக்கிறனோ எண்டு. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் என் குற்றம் என்று நினைப்பேன். மாடு கன்று போடத் தாமதித்தாலும் அதே நினைப்புத்தான்.

இப்படியிருக்க, இந்தத் தைமாதம் நிருஷன் என்று ஒரு தாடிக்காரத் தம்பி படலையைத் திறந்துகொண்டு வந்தார். பழைய படங்களைத் தேடித் திரிகிறவர். கொழும்பில் ஒரு பூட்டிக்கிடந்த கடையின் மேல்மாடியில் "பூட்டாத படலை" பெட்டி கிடந்ததாம். துடைத்துக் கழுவிக் கணினியில் ஏற்றிவிட்டாராம். எங்கெங்கே எடுத்தார்களோ அந்த இடங்களையெல்லாம் கண்டுபிடித்து, அன்றைக்கும் இன்றைக்கும் படம் போட்டுக் காட்டப்போகிறாராம். "ஐயா, கலியாணக் காட்சி இந்தக் கோயிலிலை எண்டு சொல்லுகினம், உண்மையே?" என்றார். குணலட்சுமி தேத்தண்ணியோடு வந்துகொண்டிருந்தாள். "சீச்சீ, இஞ்சை ஒண்டும் எடுக்கேல்லை. அது அளவெட்டிப் பக்கம்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அளவெட்டியில் போய்க் கேட்டால் இல்லையென்று சொல்லுவார்கள், தம்பி அலுத்துப்போய்க் கொழும்புக்குப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன்.

நாசமாய்ப் போன கணக்கு! மூன்றாம் நாள் தம்பி முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார். அங்கே ஒரு வைரவர் கோயிலடியில் நாலு பெரியவர்கள் படப்பிடிப்பை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறார்களாம். ஒருவர் கதாநாயகனுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தவராம். ஒருவர் கதாநாயகியின் காலில் முள் எடுத்தவராம். மூன்றாமவர்தான் கதாநாயகனாக நடிக்க இருந்தவராம், வீட்டில் விடவில்லையாம். ஒரு கிழமைக்குள் அந்த வைரவர் கோயில் வாசலில் "கலியாணக் காட்சி எடுத்த இடம்" என்று பலகை நட்டு, மாலை போட்டு, பொங்கலும் வைத்துவிட்டார்கள். வைரவருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்குமோ என்று எனக்கு இன்னொரு பயம் சேர்ந்தது.

படம் போடுகிற நாள் மாசிக் கடைசி ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி, யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில். குணலட்சுமியைப் போகாமல் பண்ணவேண்டும். "அது கூடாத படம், பொம்பிளையள் பாக்கக்கூடாது" என்றேன். உடனே பக்கத்து வீட்டு றஜனியையும் கூட்டிக்கொண்டு போவதென்று தீர்மானித்துவிட்டாள். "மண்டபத்திலை வெக்கை" என்றேன். பனையோலை விசிறி இரண்டு எடுத்து வைத்தாள். தலைசுற்றுகிறது என்று படுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரத்தம் எடுத்து, தலையைப் படம்பிடித்து, டொக்டர் "ஐயாவுக்கு ஒரு குறையும் இல்லை" என்று எழுதித் தந்தார். சாவகச்சேரியில் ஒரு செத்தவீடு என்றேன். ஆர் செத்தது என்றாள். எனக்குப் பெயர் வரவில்லை. அன்றைக்குத்தான் அவள் தங்களுக்குப் போன் எடுத்தது.

கடைசியில் எல்லோருமாகப் போனோம். அத்தான், நான் அந்தப் படத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். படம் சரியான கூடாத படம். கதாநாயகன் உரும்பிராயில் சைக்கிள் ஏறி ஒரு வளைவு திரும்பினால் காங்கேசன்துறைக் கடல். கடலிலிருந்து திரும்பினால் மறுபடியும் எங்கள் வாழைத்தோட்டம். ஒரே கிணறு மூன்று ஊர்க் கிணறாக நடிக்கிறது. ஆனால் மண்டபத்தில் ஆரும் கதையைப் பார்க்கவில்லை. கதாநாயகி உயிரைக்கொடுத்து அழுகிறாள், பின்வரிசையில் ஒருவர் "அங்கை பார், எங்கடை சீத்தா மரம்!" என்று எழும்புகிறார். இன்னொருவர், "உதிலை சைக்கிளிலை போறது எங்கடை ஐயா! நெஞ்சு வருத்தம் வாறதுக்கு முந்தி!" என்று கத்துகிறார். சனம் எல்லாம் நடிகர்களுக்குப் பின்னாலை என்ன இருக்கிறது என்றுதான் கழுத்தை வளைச்சு வளைச்சுப் பார்த்தது.

காங்கேசன்துறைக் காட்சி வந்தது. கதாநாயகன் ஒரு வீட்டு வாசலில் நின்று வசனம் பேசுகிறார், தூரத்தில் சீமெந்துத் தொழிற்சாலைப் புகைபோக்கி. முன்வரிசையில் ஒரு வயசான அம்மா, "நிப்பாட்டு தம்பி! நிப்பாட்டு! உது எங்கடை வீடு" என்று எழும்பினா. நிருஷன் நிறுத்தினார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் விட்டுவிட்டு ஓடிவந்த வீடு, இப்போது அந்த இடத்தில் அத்திவாரமும் இல்லை. அந்த அம்மா திரைக்குக் கிட்டப் போய் நின்று நெடுநேரம் பார்த்தா. பிறகு திரும்பி, "தம்பி, உந்த ஆளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ, எங்கடை கதவு தெரியேல்லை" என்றா. சிரித்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன், அத்தான். என் பயத்தையும் ஒரு நிமிடம் மறந்துபோனேன்.

ஒரு நிமிடம்தான். அடுத்து மேளச் சத்தம். எங்கள் கோயில். திரை நிறையப் பிள்ளையார். அளவெட்டியிலிருந்து வந்த பெரியவர்கள் கொஞ்சம் நெளிந்தார்கள். சோடா கொடுத்தவர் மட்டும் அசையாமல், "ஓம், அண்டைக்கு ஒரு பிள்ளையாரையும் கொண்டுவந்து வைச்சவை" என்றார். ஐயரின் குரல் வருகிறது. அந்தக் காலத்தில் படத்துக்குத் தனியாகச் சத்தம் சேர்க்க வழியில்லாமல், பேர் நட்சத்திரம் சொன்ன இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, அங்கே பதிந்த சத்தத்தையே விட்டிருந்தார்கள். பின்வரிசையில் எங்கள் கோயில் கோபிசங்கர் குருக்கள் இருந்தார், அந்தப் பழைய ஐயரின் பேரன். அவர் கிளுக்கென்று சிரித்தார். எனக்கு விளங்கிவிட்டது, பிடிபட்டுவிட்டேன் என்று. திரையில் இரண்டு கை வந்தது. மஞ்சள் கயிறு. முடிச்சு.

குணலட்சுமி விசிறியை நிறுத்தினாள். "இஞ்சாருங்கோ. உந்த முடிச்சு எனக்குத் தெரியும். மாட்டுக்கும் உதுதான், மூட்டைக்கும் உதுதான், நான் உடுப்புக் காயப்போடுற கொடிக்கயித்துக்கும் உதுதான். உது உங்கடை கை!"

அதோடு எனக்குத் தாங்கமுடியவில்லை. எழும்பி நின்றேன். "ஓம், என்ரை கைதான்! நான் ஏற்கெனவே கலியாணம் முடிச்சவன், குணம்! பேரும் நட்சத்திரமும் சொல்லி முடிச்சவன்! என்னை மன்னிச்சுக்கொள்ளும்!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்திப்போட்டன். நிருஷன் மறுபடியும் நிறுத்தினார். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குணலட்சுமியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நான் கதிரைக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கை அவ்வளவுதான், மிச்சக் காலம் மாட்டுக்கொட்டிலில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கோபிசங்கர் குருக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "ஐயோ, பஞ்சலிங்கம் அண்ணை, இருங்கோ. உது கலியாண மந்திரமில்லை."

"அப்ப?"

"வீடு குடிபூரல் மந்திரம்! வாஸ்து சாந்தி. என்ரை அப்பப்பா உங்களுக்குக் கிரகப்பிரவேசம் செய்து வைச்சிருக்கிறார்." நிருஷனிடம் திரும்பிப் போடச் சொல்லி, சொல்லுக்குச் சொல் விளக்கமும் சொன்னார். இந்த வீட்டில் பாம்பு தேள் வராதிருக்க, கிணற்றில் நீர் ஊற, கூரை நிலைக்க. "அப்பப்பா லேசுப்பட்ட ஆளில்லை. பொய்க் கலியாணத்துக்கு மெய் மந்திரம் சொல்லக்கூடாதெண்டு மாத்திச் சொல்லியிருக்கிறார். டைரக்டருக்கு எந்த மந்திரம் எண்டு தெரியவே போகுது?"

நான் இருந்துவிட்டேன். இருந்தேன் என்ன, விழுந்தேன். அந்த நேரம் மூன்று வரிசைக்கு முன்னால் ஒரு பொம்பிளை தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கவும் அழவும் தொடங்கினா. எழும்பி வந்து எனக்கு முன்னால் நின்று, "அண்ணை, நீங்களே அது? நான் உதயகலா" என்றா. அத்தான், அந்த மனுசியும் நாற்பத்தேழு வருடமாக இதே பயத்தோடு இருந்திருக்கிறா! கலியாணம் கட்டி, ஆறு பேரப்பிள்ளைகள் கண்டும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. "கௌரி விரதத்துக்கு வருசா வருசம் இரண்டு காப்புக்கயிறு கட்டுவன் அண்ணை. ஒண்டு என்ரை மனுசனுக்கு. மற்றது, ஆரெண்டு தெரியாட்டிலும், எதுக்கும் இருக்கட்டும் எண்டு உங்களுக்கு" என்றா. என் சீனி வருத்தம் ஏன் கூடாமல் ஒரே அளவில் நிற்கிறதென்று டொக்டருக்கும் விளங்காமல் இருந்தது. எனக்கு இப்போது விளங்கியது.

குணலட்சுமி எழும்பினாள். என்ன நடக்கப்போகுதோ என்று நான் கண்ணை மூடினேன். அவள் உதயகலாவின் இரண்டு கையையும் பிடித்து, "இவ்வளவு காலமும் இவரைப் பாத்ததுக்குப் பெரிய உபகாரம். இனி நீங்கள் ஒரு கயிறு கட்டினாப் போதும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள். மண்டபம் கைதட்டியது. படம் முடிந்தபோதும் அவ்வளவு கைதட்டல் இல்லை.

திரும்பி வரும்போது ஓட்டோவில் கோண்டாவில் சந்தி மட்டும் குணலட்சுமி விசிறியால் விசிறிக்கொண்டே வந்தாள். பிறகு, "விசர் மனுசன். முதல்நாளே என்னட்டைச் சொல்லியிருந்தா, நான் ஐயரிட்டைப் போய் அஞ்சு நிமிசத்திலை கேட்டுக்கொண்டு வந்திருப்பனே" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினவள், படலையடிக்கு வந்தும் நிறுத்தவில்லை. அன்றைக்கு நான் படுத்தவன் விடியும் மட்டும் புரளவில்லை. நாற்பத்தேழு வருடத்தில் அப்படியொரு நித்திரை நான் கொண்டதில்லை.

ஆகவே அத்தான், தாங்கள் எதற்கும் யோசிக்கவேண்டாம். என் மண்டையும் சரி, மனமும் சரி. தங்கள் தங்கைக்கு நான் முதலாவதும் கடைசியுமான புருசன் என்பது குருக்கள் வாயாலேயே உறுதியாகிவிட்டது. நிருஷன் பலகையை வைரவர் கோயிலிலிருந்து கழற்றப் போனபோது அங்கே தர மாட்டோம் என்றுவிட்டார்கள், அது அவர்கள் பாடு. தங்களுக்கும் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் நோய்நொடியில்லாத நீண்ட ஆயுளும், அங்கே வீட்டுக் கூரையில் பனி நிற்காத நல்ல மாரியும் கிடைக்கட்டும். இங்கே எல்லோரும் தங்களை விசாரித்ததாகச் சொன்னார்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத,
க. பஞ்சலிங்கம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது. மேலே எழுதியதைக் கொஞ்சம் ஒத்தி வையுங்கள். நேற்று வெள்ளிக்கிழமை கோபிசங்கர் குருக்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய அப்பப்பாவின் குரலை இன்னும் கேட்கலாமென்று குணலட்சுமி அலுமாரிக்குள் இருந்து எங்கள் கலியாணக் கசற்றை எடுத்துப் போட்டாள். எங்களை முடித்து வைத்ததும் அவர்தானே. தங்களுக்கு ஞாபகமிருக்கும், அன்றைக்கு ஆமி ஹெலிகொப்டர் தாழ்வாகச் சுற்றியதும், எல்லோரும் பதறியதும், தாங்கள் பந்தலில் மேசைக்குக் கீழே போனதும். கசற்றில் ஹெலிச் சத்தம் கேட்கிறது. அதற்கு மேலால் எண்பது வயது ஐயர், நடுங்கின குரலில், நாக்கில் முதலில் வந்ததைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொல்லிக்கொண்டு போகிறார். குருக்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். எனக்கே இப்போது அந்த மந்திரம் பாடம், அத்தான். பாம்பு தேள் வராதிருக்க, கிணற்றில் நீர் ஊற, கூரை நிலைக்க.

குருக்கள் அப்பப்பாவின் கெட்டித்தனத்தைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டார். நான் பயந்துபோய், "குணம், கலியாண எழுத்து எழுதினனாங்கள்தானே, பதிவு இருக்குது" என்றேன். "அது அரசாங்கக் கச்சேரிக்கு. பிள்ளையாருக்கில்லை" என்றாள். அழப்போகிறாள் என்று பார்த்தால், முகத்தில் ஒரு சிரிப்பு. அப்படியொரு சிரிப்பை நான் முந்திக் கண்டதில்லை. "அப்ப நான் இன்னும் கலியாணம் கட்டாத பொம்பிளை. எண்பத்தாறிலை அப்பாவும் அண்ணையும் தரகரும் நீங்களும் இருந்து கதைச்சு முடிச்சியள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள்.

உண்மைதான், அத்தான். கேட்கவில்லை. இத்தனை வருடமும் நான் எனக்காகப் பயந்தேனே தவிர, இதை நான் யோசித்ததே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இப்ப கேக்கிறன் குணம்" என்றேன். "அப்பிடி அடுப்படிக்கை நிண்டு கேக்கிறேல்லை. முறையாய் அண்ணைக்கு எழுதுங்கோ. அவர் ஓம் எண்டால், பிறகு நான் யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள்.

ஆகவே, பெருமதிப்பிற்குரிய சிவகரன் அவர்களே, உரும்பிராய் கிழக்கைச் சேர்ந்த, சொந்தமாக வாழைத்தோட்டமும் இரண்டு கறவை மாடும் உள்ள, கெட்ட பழக்கம் இல்லாத பஞ்சலிங்கமாகிய நான், தங்கள் தங்கை குணலட்சுமியை எனக்குத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுபத்தொரு வயது. பதிலைச் சுணங்காமல் போடுங்கோ.